காற்றில் ஒரு ஸ்டியரிங்

2012 கோடையில் ஒரு மாலை. திருச்சியில் அக்கா வீட்டு ஹாலில் நின்றுகொண்டே கார் ஓட்டினேன். டீப்பாயை ஓரமாகத் தள்ளியாயிற்று. ஜன்னல் திரைகளை இழுத்து மூடியாயிற்று. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். டிவிக்கு எதிரே ஏழடி தள்ளி, வெறுங்காலோடு, இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே நீட்டி, இல்லாத ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்திருந்தேன். திரையில் ஒரு பொம்மைக் கார் பறந்தது. நான் கையைத் திருப்பினால் அதுவும் திரும்பியது.

“மாமா, கையை இறக்காதீங்க. வண்டி போய் முட்டிக்கும்” என்று அதட்டினான் அக்கா மகன். அவனுக்கு அப்போது பத்து வயது. அன்றைக்கு அவன்தான் ஆசான்.

இடப்பக்கம் நீளமாக ஒரு வளைவு வந்தது. கையைத் திருப்பினேன். கூடவே இடுப்பும் தோளும் தலையும் இடப்பக்கம் சாய்ந்தன. தள்ளாடி நகர்ந்து டீப்பாயின் முனையில் முழங்காலை இடித்துக்கொண்டேன். தேய்த்துக்கொண்டே திரும்பினால், சோபாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் இடப்பக்கம் சாய்ந்திருந்தாள். கையில் கீரைக் காம்பு, கண் திரையில், வலது பாதம் தரையை அழுத்தியபடி. அம்மா தன் வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

அம்மா ஏன் சாய்ந்தாள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. ஆனால் நேரே அங்கே போக முடியாது. வழியில் ஒரு கருவியின் கண்ணையும் ஒரு மனிதனின் கையையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

நான் ஆடியது ‘கினெக்ட் ஜாய் ரைடு’. கனடாவின் வான்கூவர் நகரில் இருந்த பிக்பார்க் என்ற நிறுவனம் செய்தது. 2010 நவம்பரில், கினெக்ட் கருவி கடைக்கு வந்தபோதே அதுவும் வந்தது. கையில் பிடிக்க எதுவும் கிடையாது, மிதிக்கப் பெடல் கிடையாது. வண்டி தானே வேகமெடுக்கும். வளைவில் சறுக்கித் திரும்ப உடலைச் சாய்க்க வேண்டும். இரு கைகளையும் மார்புக்கு இழுத்து, பிறகு முன்னே தள்ளினால் கார் சீறிப் பாயும். அந்தரத்தில் பறக்கும்போது உடம்பை முறுக்கினால் காரும் குட்டிக்கரணம் போடும். குழந்தைகள் இதை அரை நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். காரோட்டிய அனுபவம் உள்ளவர்கள்தான் திணறினார்கள். நிஜக் கார் ஓட்டத் தெரிந்த என் அத்தான் மூன்று முறை தடுப்பில் மோதிவிட்டு, “இதுல ஒண்ணும் தெரிய மாட்டேங்குதே” என்று உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்ன அந்த ‘தெரிய மாட்டேங்குதே’ மிகச் சரியான சொல் என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

முதலில் கருவியின் கண்.

டிவிக்குக் கீழே ஓரடிக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அதன் முகப்பில் மூன்று வட்டங்கள். பார்க்க மூன்று கண் போலிருந்தாலும் அவற்றில் ஒன்று பார்ப்பதில்லை, அது வீசுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளியை ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளாகச் சிதறடித்து ஹால் முழுக்கத் தெளிக்கிறது. நடுவில் உள்ளது சாதாரண வண்ணக் கேமரா. இன்னொரு முனையில் இருப்பது அந்தப் புள்ளிகளை மட்டும் பார்க்கும் அகச்சிவப்புக் கேமரா. தெளிப்பதற்கும் பார்ப்பதற்கும் நடுவே ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் சூட்சுமம்.

கட்டைவிரலை மூக்குக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கும். விரல் பக்கத்தில் இருந்தால் பெரிய குதி. தள்ளிப் போனால் சிறிய குதி. குதியை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். கினெக்ட் செய்வதும் இதே கணக்குதான். சுவரில் விழவேண்டிய புள்ளி என் நீட்டிய கையில் விழுந்தால், கேமராவுக்கு அது பக்கவாட்டில் நகர்ந்ததாகத் தெரியும். எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது.

இதில் ஒரு சிக்கல். வாசலில் வைக்கும் கோலப்புள்ளிகள் மாதிரி எல்லாம் ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தால், நகர்ந்தது எந்தப் புள்ளி என்று எப்படித் தெரியும்? ஒன்று இன்னொன்றின் இடத்தில் போய் நின்றுகொண்டால் வேறுபாடே தெரியாது. அதனால் இந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே தாறுமாறாகத் தெளிக்கிறார்கள். எந்த மூலையில் ஒரு கைப்பிடி புள்ளிகளை எடுத்தாலும், அதே அமைப்பு வேறெங்கும் இருக்காது. கோலம் போடத் தெரியாதவள் போட்ட புள்ளி என்று அம்மா சொல்லக்கூடும். ஆனால் அந்த ஒழுங்கின்மைக்குத்தான் காப்புரிமை. இந்த உத்தியை உருவாக்கியது ப்ரைம்சென்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனம். மைக்ரோசாஃப்ட் அதற்கு உரிமம் பெற்றுத் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியுடன் இணைத்தது.

திரைச்சீலையை மூடியதற்குக் காரணமும் இதுவே. சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம். ஹாலுக்குள் வெயில் நேராக அடித்தால், பகலில் விண்மீன் மறைவதுபோல் லேசர் புள்ளிகள் அதில் கரைந்துபோகும். மாறாக, இருட்டில் கினெக்ட் தாராளமாகப் பார்க்கும்.

இப்படி வினாடிக்கு 30 முறை, 640-க்கு 480 என்ற கட்டங்களில் ஓர் ஆழப்படம் கிடைக்கிறது. வண்ணம் இல்லை, முகம் இல்லை; ஒவ்வொரு கட்டத்திலும் ‘இவ்வளவு தூரம்’ என்ற எண் மட்டும். இந்த எண்களுக்கு நடுவே என் இடது கை எங்கே? அக்கா மகன் எங்கே, சோபா எங்கே? தூரம் அளப்பதைவிடக் கடினமான வேலை இதுதான்.

அதற்கு முன்பிருந்த முறைகள் பெரும்பாலும் ஆளைப் பின்தொடரும். முந்தைய படத்தில் கை இங்கே இருந்தது, ஆகவே இந்தப் படத்தில் அருகில்தான் இருக்கும் என்று தேடும். ஒருமுறை தடம் தவறினால் தவறியதுதான். ஆடுபவர் கையை விரித்து அசையாமல் நின்று மறுபடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் குதிக்கும் ஹாலில் இது நடக்கிற காரியமா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ஜேமி ஷாட்டனும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் போனார்கள். நேற்றையதை மறந்துவிடு, ஒவ்வொரு படத்தையும் இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார் என்றார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அந்த ஆண்டின் கணினிப் பார்வை மாநாட்டில் சிறந்த கட்டுரைக்கான பரிசு பெற்றது.

சிறுவயதில் ஆடியிருப்பீர்கள்: ஒருவர் மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள, மற்றவர் இருபது கேள்விகளுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கருவியும் இதைத்தான் ஆடுகிறது. ஆழப்படத்தின் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்கிறது. ‘இதற்குச் சற்று மேலே பார், அங்கே தூரம் சட்டென்று கூடுகிறதா?’ கூடினால் மேலே சுவர்தான் இருக்கிறது, இது உச்சந்தலையாகவோ தோளாகவோ இருக்கலாம். ‘இடப்பக்கம் பார்; கீழே பார்.’ ஒவ்வொரு விடைக்கும் அடுத்த கேள்வி மாறும். அதிகபட்சம் இருபது கேள்வி. முடிவில் இது கழுத்து, இது இடது முழங்கை, இது வலது பாதம் என்று உடலின் 31 பகுதிகளில் ஒன்றின் பெயரை அந்தப் புள்ளிக்குச் சூட்டுகிறது. இப்படி மூன்று தனித்தனிக் கேள்வி மரங்கள். மூன்றின் கருத்தையும் சேர்த்து முடிவு.

கேள்வி ஒவ்வொன்றும் மிக அற்பமானது: இரண்டு எண்களைக் கழித்துப் பார்ப்பது, அவ்வளவே. எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பதைக் கற்பதற்குத்தான் உழைப்பு. பத்து லட்சம் படங்களைக் கொண்டு மூன்று மரங்களை வளர்க்க, ஆயிரம் கணினிக் கருக்கள் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நாள் ஓடின. அந்தப் படங்களில் மிகுதியானவை நிஜ மனிதர்களை எடுத்தவையும் அல்ல. நிஜ மனிதர்களின் அசைவுகளைப் பதிவுசெய்து, குட்டையும் நெட்டையும் ஒல்லியும் பருமனுமான கணினிப் பொம்மைகளுக்கு அவற்றை மாட்டி வரைந்தவை. பொம்மை என்றால் எது கை, எது தோள் என்று யாரும் உட்கார்ந்து குறிக்க வேண்டியதில்லை. கற்பனை மனிதர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் அது. அதுதான் திருச்சி ஹாலில் என்னைப் பார்த்தது.

கைகள் கிடைத்துவிட்டால் ஸ்டியரிங் எளிது. இரண்டு கைகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கோடு கிடையாக இருந்தால் கார் நேராகப் போகும். சாய்ந்தால், சாய்ந்த கோணமே ஸ்டியரிங் திரும்பிய கோணம். பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்.

ஆனால் இதற்கெல்லாம் நேரம் பிடிக்கிறது. படம் பிடிக்க, ஆழம் கணக்கிட, உடல் பகுதிகளைத் தேட, காரை நகர்த்த, டிவி அதைக் காட்ட என்று எல்லாம் சேர்ந்து வினாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் 2.8 மீட்டர் போயிருக்கும். ஏறக்குறைய ஓர் ஆட்டோவின் நீளம். தூரத்தைவிடப் பெரிய தொல்லை வேறு. புது ஊரில் லாட்ஜ் குளியலறைக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சில்லென்று வருகிறது, வெந்நீர்த் திருகைத் திறக்கிறீர்கள், ஒன்றும் மாறவில்லை, இன்னும் திறக்கிறீர்கள், திடீரென்று கொதிக்கிறது, அலறி மூடினால் மறுபடி சில். திருகுக்கும் ஷவருக்கும் நடுவே குழாய் நீளமாக இருப்பதுதான் குற்றம். தாமதம் உள்ள எந்த ஸ்டியரிங்கும் இதே பாடு படுத்தும். கொஞ்சம் திருப்பி, ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் திருப்பி, வண்டி பாம்பாக நெளியும். இதை மறைப்பதற்காகவே இத்தகைய விளையாட்டுகளில் நிரல் ரகசியமாகக் கைகொடுக்கிறது. சாலை அகலமாக இருக்கும், தடுப்புகள் தள்ளிவிடும். நான் ஓட்டியதாக நினைத்த வளைவுகளில் எத்தனையைக் கருவி ஓட்டியது என்று எண்ணிப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

இனி அத்தானிடம் வருவோம். அவருக்கு என்ன தெரியவில்லை?

கொல்லிமலைக்குப் பேருந்தில் போயிருந்தால் ஓட்டுநரின் கைகளைக் கவனித்திருப்பீர்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழையும்போது அவர் உடம்பின் முழு பலத்தையும் கொடுத்து ஸ்டியரிங்கைச் சுற்றுகிறார். வெளியே வரும்போது பிடியைச் சற்றுத் தளர்த்துகிறார், அவ்வளவுதான். சக்கரம் அவர் உள்ளங்கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேர்நிலைக்குத் திரும்புகிறது. முன்சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும் சாய்வும், டயர் தரையைத் தொடும் இடத்தில் அது நசுங்கி இழுபடுவதும் சேர்ந்து சக்கரத்தை எப்போதும் நேராக்கவே பார்க்கின்றன. வேகம் கூடினால் இந்த இழுப்பு மாறும். டயர் வழுக்கத் தொடங்கினால் சட்டென்று குறையும். மழையில் ‘ஸ்டியரிங் லேசாயிடுச்சு’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடுகிறது.

ஸ்டியரிங்கை நாம் கட்டளை கொடுக்கும் கருவி என்று மட்டும் நினைக்கிறோம். அது சாலையிடமிருந்து பதில் வந்து சேரும் வழியும்கூட. காற்றில் பிடித்த ஸ்டியரிங்கில் கட்டளை போகிறது, பதில் வருவதில்லை. இருபது ஆண்டு கார் ஓட்டியவருக்கு அந்தப் பதில் இல்லாத மௌனம் தாங்கவில்லை. ஓட்டியே இராத பையனுக்கு அப்படியொரு பதில் உண்டு என்பதே தெரியாது. கினெக்டுக்கு முன் வந்த நின்டென்டோ வீ இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் செய்தது. 2008-இல் ‘மரியோ கார்ட் வீ’ விளையாட்டோடு ஒரு வெள்ளை நிற பிளாஸ்டிக் வளையம் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. சாய்வை அளப்பதெல்லாம் அதற்குள் செருகும் ரிமோட்டில் உள்ள முடுக்கமானிதான். புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தே அது கோணத்தைச் சொல்லிவிடும். போனைச் சாய்த்து ஆடும் கார் பந்தயங்களிலும் இதே கதை. வெறும் பிளாஸ்டிக்தான், ஆனால் கை பற்றிக்கொள்ள ஒன்று இருந்தது. இரண்டு கைகளும் ஒன்றையொன்று உணர்ந்தன.

பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமலே நான் இரண்டு கையையும் சரியான இடத்தில் எப்படி வைத்திருந்தேன்? கண் திரையில் இருந்தது. கையை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. தசைகளுக்குள் நூலிழை போன்ற கதிர்கள் உண்டு. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அவை நொடிதோறும் மூளைக்குச் சொல்கின்றன. தசைநாண்களில் உள்ள வேறு உறுப்புகள் எவ்வளவு இழுவிசை என்று சொல்கின்றன. உடல் தன்னைத்தானே உணரும் இந்தப் புலனுக்கு ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் தனிப் பெயர் வைத்தார். ஐம்புலன் பட்டியலில் அதற்கு இடமில்லை. இருக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை என்பதால் இருக்கலாம்.

இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று காட்டியவர் இயன் வாட்டர்மேன். இங்கிலாந்துக்காரர். 1971-இல், 19 வயதில், காய்ச்சலைத் தொடர்ந்து வந்த நரம்புப் பாதிப்பில் கழுத்துக்குக் கீழே இந்தப் புலனையும் தொடு உணர்வையும் இழந்தார். தசைகளில் பலம் அப்படியே இருந்தது, கட்டளை போனது, பதில்தான் வரவில்லை. கை எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, கண்ணாலேயே உடலை நடத்தி எழுந்து நடக்கக் கற்றார். ஒவ்வோர் அடிக்கும் கவனம் வேண்டும். விளக்கு அணைந்தால் சரிந்து விழுந்துவிடுவார். அவருடைய கதையை மருத்துவர் ஜோனதன் கோல் 1991-இல் தனி நூலாக எழுதினார்.

எனக்கு உள்ளே பதில் வந்தது, வெளியிலிருந்துதான் வரவில்லை. இந்தப் பாதி மௌனத்துக்கு ஒரு விலையும் உண்டு: தோள்வலி. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 70 கிலோ ஆளுக்கு ஒரு கை மூன்றரைக் கிலோ. நேராக நீட்டினால் அதன் எடை மையம் தோளிலிருந்து ஓரடி தள்ளிப்போகிறது. ஒரு மீட்டர் கம்பின் நுனியில் ஒரு கிலோ அரிசிப் பையைக் கட்டி, மறுநுனியைப் பிடித்துக் கிடையாக நிறுத்துவதற்கு இது சமம். நிஜக் காரில் இந்தப் பாரத்தின் பெரும்பங்கை ஸ்டியரிங்கே தாங்கிக்கொள்கிறது. அசையாமல் இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களையும் நெரிப்பதால் மூன்று நிமிடப் பந்தயத்திலேயே தோள் எரியத் தொடங்கும். இதனால் உடம்பு இளைக்குமா என்று கேட்பவர்களுக்கு: 2007-இல் லிவர்பூலில் பதின்வயதினரை வைத்து வீ விளையாட்டுகளை அளந்து பார்த்தார்கள். உட்கார்ந்து ஆடுவதைவிடக் கணிசமாகக் கூடுதல் ஆற்றல் செலவானது. ஆனால் அதே விளையாட்டை மைதானத்தில் ஆடுவதற்கு ஈடாகவில்லை. எதிர்பார்த்ததுதான்.

இப்போது சாய்வு.

உடனே தோன்றும் விளக்கம்: நம் கண் ஏமாறுகிறது, அதனால் உடல் சாய்கிறது. இதில் உண்மை உண்டு. 1974-இல் எடின்பரோவில் டேவிட் லீயும் எரிக் ஆரன்சனும் ஒரு வினோத அறை கட்டினார்கள். தரை அசையாது, சுவர்களும் கூரையும் மட்டும் தொங்கியபடி முன்னும் பின்னும் நகரும். நடக்கத் தொடங்கிய குழந்தைகளை அதற்குள் நிற்கவைத்துச் சுவரை அவர்கள் பக்கமாக நகர்த்தினார்கள். சுவர் நெருங்கி வருவது, தான் முன்னால் சாய்வதுபோல் குழந்தைக்குத் தெரிகிறது. அதைச் சரிசெய்யப் பின்னால் சாய்கிறது, தொபீரென்று உட்கார்ந்துவிடுகிறது. பெரியவர்கள் விழவில்லை, ஆனால் அறையோடு சேர்ந்து ஆடினார்கள். நிற்பதற்குக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை மட்டும் நம்புகிறோம் என்ற எண்ணத்தை அந்த அறை அசைத்துவிட்டது.

ஆனால் அக்கா வீட்டு டிவி ஒரு சுவரல்ல. சுவரில் ஒரு ஜன்னல் அளவு. அதைச் சுற்றி முருகன் காலண்டரும் அலமாரியும் அசையாமல் நின்றன. கண் அவ்வளவு ஏமாற வாய்ப்பில்லை.

அப்படியானால் காதை ஏமாற்றத்தான் சாய்கிறோமா? காதுக்குள் இருக்கும் நுண்கற்களுக்குச் சாய்வும் முடுக்கமும் ஒன்றே. தனியாக வைத்துப் பிரித்தறிய அவற்றால் இயலாது. விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கூண்டுகள் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்துகின்றன. கூண்டைப் பின்னால் சாய்த்தால், விமானம் வேகமெடுப்பதாக உள்ளே இருப்பவர் உணர்கிறார். ஹாலில் சாயும் ஆட்டக்காரன் தன் உடம்பையே அப்படியொரு கூண்டாக்கிக்கொள்கிறான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அழகான விளக்கம். ஒரு பக்கத்தில் படம் வரைந்து பார்த்தபோது உடைந்துபோனது. கார் இடப்பக்கம் திரும்பினால் நம்மை வலப்பக்கம் தள்ளும். அந்த உணர்வைத் தர வேண்டுமானால் கூண்டு வலப்பக்கம் சாய வேண்டும். நானோ இடப்பக்கம் சாய்ந்தேன். நேர் எதிர்த் திசை. என் சாய்வு காதுக்குக் காட்டியது பொய்க்காரின் உணர்வைக்கூட அல்ல.

நிஜச் சாலையில் ஒரு விஷயம் அளக்கப்பட்டிருக்கிறது. வளைவில் ஓட்டுநர் தலையை வளைவின் உட்பக்கம் சாய்க்கிறார்; அதே காரில் அருகே அமர்ந்திருப்பவரின் தலை வெளிப்பக்கம் போகிறது. ஒரே கார், ஒரே வளைவு, ஒரே விசை. பயணி தள்ளப்படுகிறார், ஓட்டுநர் முன்கூட்டியே போய்ச் சேருகிறார். கைக்குக் கட்டளை அனுப்பும் மூளை, அதன் நகல் ஒன்றைத் தனக்கென்றும் வைத்துக்கொண்டு வரப்போவதை எதிர்பார்க்கிறது என்று ஏரிக் ஃபான் ஹோல்ஸ்டும் ஹார்ஸ்ட் மிட்டல்ஷ்டெட்டும் 1950-இல் சொன்னார்கள். மலைப்பாதையில் பயணிகள் வாந்தி எடுக்கும்போது ஓட்டுநர் மட்டும் டீ கேட்பது இதனால்தான்.

ஆக, உட்பக்கச் சாய்வு ஓட்டுநரின் அடையாளம். நான் சாய்ந்தது சரி. ஆனால் அம்மா?

கேரம் ஆடியிருக்கிறீர்களா? ஸ்ட்ரைக்கரைச் சுண்டிவிட்டாயிற்று, சிவப்புக் காய் குழியை நோக்கி ஊர்கிறது, வேகம் குறைகிறது. இனி நம்மால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆனாலும் தோளைத் திருகி, கழுத்தை நீட்டி, அந்தக் காயைக் காற்றிலேயே தள்ளாதவர் உண்டா? எண்ணமே தசையை அசைக்கும் இந்த விந்தைக்கு 1852-இல் வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேயர் பெயரிட்டார். நூலில் தொங்கும் குண்டு மனத்தால் ஆடுவதுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம். 2001-இல் மியூனிக்கின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தினர் இதைக் கணினித் திரையில் சோதித்தார்கள். ஒரு பந்து இலக்கை நோக்கிப் போகும். தொடக்கத்தில் மட்டும் அதை நகர்த்தலாம், பிறகு பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். கட்டுப்பாடு போன பிறகும் கைகள் அசைந்தன. அதைவிடச் சுவையானது அசைந்த திசை: பந்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை மட்டும் அவை பின்பற்றவில்லை, எங்கே போக வேண்டுமென்று ஆடியவர் விரும்பினாரோ அந்தப் பக்கமும் அசைந்தன.

அம்மாவுக்குச் சைக்கிள் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை ஓட்டும் கார் சுவரில் மோதக்கூடாது என்ற விருப்பம் போதும். நிஜக் காரில் அவள் பயணியாக இருந்திருந்தால், வளைவு அவளை வெளிப்பக்கம் தள்ளியிருக்கும்; விருப்பத்தை விசை அமுக்கியிருக்கும். ஹாலில் தள்ளுவதற்கு விசையே இல்லை. அதனால் விருப்பம் மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு அங்கே பயணிகள் யாரும் இல்லை. சோபாவில் இருந்த எல்லோரும் ஓட்டுநர்கள். பதில் பேசாத அந்தக் கருவிக்குப் பதிலையும் நாங்களே எங்கள் உடம்பால் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கினெக்ட் முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றுக் கின்னஸ் சாதனை படைத்தது. 2011-இல் வந்த ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 4’ நிஜக் கார்களின் நகல்களையும் காற்றில் ஓட்டவிட்டது. வேகத்தையும் பிரேக்கையும் அங்கேயும் நிரலே பார்த்துக்கொண்டது. பந்தயப் பிரியர்கள் கண்டுகொள்ளவில்லை. முறுக்கி எதிர்க்கும் மோட்டார் பொருத்திய ஸ்டியரிங்குகளைத்தான் அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், இன்றும் வாங்குகிறார்கள். 2017-இல் கினெக்ட் உற்பத்தி நின்றது. புள்ளி தெளிக்கும் உத்தி மட்டும் பிழைத்துக்கொண்டது. ப்ரைம்சென்ஸை 2013-இல் ஆப்பிள் வாங்கியது. 2017-இன் ஐபோன் டென் முகம் பார்த்துத் திறப்பதற்காக 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை நம் முகத்தில் வீசத் தொடங்கியது.

அந்த மாலை, கடைசிச் சுற்றில் நான் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். மீண்டும் அதே இடப்பக்க வளைவு. கையைத் திருப்பினேன், சாய்ந்தேன், சோபாவும் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. டிவி அணைந்தது, ஃபேன் ஓய்ந்தது, மூடிய திரைக்குள் ஹால் இருண்டது. யாரோ மெழுகுவர்த்தி தேடினார்கள். நான் இருட்டில் அப்படியே நின்றேன். காரும் சாலையும் போய்விட்டன. கைகள் மட்டும் இன்னும் மேலே, வலது கை உயர்ந்து இடது கை தாழ்ந்து, வளைவின் நடுவே. பார்க்காமலே தெரிந்தது.